கோல்ஃப் சட்டை எந்தப் பக்கம் திருகும்

ஸ்காட்லாந்துக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. ஒரு சட்டையின் பக்கத் தையல் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்க்க.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் கம்பெனியின் இரண்டாவது யூனிட் இருக்கிறது. அங்கே ஸ்காட்லாந்திலிருந்து வாங்கும் ஒரே பையருக்கு ஒரே சரக்குதான் தைக்கிறோம்: காலர் வைத்த கோல்ஃப் சட்டை. அந்த யூனிட்டுக்கு நான் குவாலிட்டி மேனேஜர். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்த மறு ஆண்டு அது. திருப்பூரில் யாரைப் பார்த்தாலும் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பையரிடமிருந்து புகார் வந்தது. துவைத்ததும் சட்டை உடம்பைச் சுற்றித் திருகிக்கொள்கிறது. வலப்பக்கத் தையல் வயிற்றுக்கு வருகிறது, இடப்பக்கத் தையல் முதுகுக்குப் போகிறது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இதற்குக் காரணம் என்னவென்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். நூலில் முறுக்கு அதிகம். ஆனால் எங்களுக்கு நூல் வருவது முதலாளி பழனிச்சாமியின் மச்சினன் செந்திலுடைய மில்லிலிருந்து. மச்சினன் நூலைக் குறை சொல்வது என்றால் அது சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சேரும். அப்புறம் முதலாளி வீட்டில் சாப்பிட முடியாது. ஆகவே அவர் வேறொரு காரணம் கண்டுபிடித்தார்.

"சாமுவேலுங்க, கோல்ஃப் ஆடறவன் என்னங்க பண்றான்? நாள் பூராம் ஒரே பக்கமா இடுப்பத் திருப்பறான். சட்டை பாவம், அதும் கூடவே திரும்புது. இதுல நம்ம தப்பு என்னங்க இருக்குது?"

"யாரும் போடாமலே ஒரு சட்டையைத் துவைச்சுப் பாத்தேன் முதலாளி. அப்பவும் திருகத்தான் செய்யுது."

"வாசிங் மெசினும் சுத்துதில்லீங்க?"

"கையாலதான் துவைச்சேன்."

"புழியறப்ப எந்தப் பக்கம் புழிஞ்சீங்க?"

நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

பையர் கம்பெனியில் எங்கள் கணக்கைப் பார்ப்பவர் மார்கரெட் என்ற பெண்மணி. நேரில் வந்து விளக்கம் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த பருவத்து ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும் என்று எழுதிவிட்டார். ஆர்டர் போனால் இரண்டாவது யூனிட்டைப் பூட்டவேண்டியதுதான். முதலாளி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போனில் அவரிடம் ஒரு சோதனைக்கு ஒப்புதல் வாங்கினார். வலக்கைக்காரர்கள் ஒரு பக்கம் திரும்பினால் இடக்கைக்காரர் எதிர்ப்பக்கம் திரும்பவேண்டும். ஆகவே ஓர் இடக்கை ஆட்டக்காரருக்கு நம் சட்டையைப் போட்டு ஆடவிடுவது. தையல் எதிர்ப்பக்கம் போனால் குற்றம் ஆட்டத்தினுடையது; அதே பக்கம் போனால் துணியினுடையது. மார்கரெட் சிரித்ததாகவும், பிறகு சரி என்றதாகவும் முதலாளி சொன்னார். அந்தச் சிரிப்பை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். தையல் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும் அன்று செக்கிங் பிரிவில் இருக்கும் ரோஸ்மேரி வாசல்வரை வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எனக்கும் அந்தப் பக்கம்தான் பூர்வீகம். "சாக்லேட்டு கீக்லேட்டுன்னு ஒண்ணும் தூக்கிட்டு வராதீய சார். ஆர்டரோட வாங்க, அது போதும். போன மாசம்தான் பிள்ளைய இங்கன பள்ளிக்கூடத்துல சேத்துருக்கேன்."

போய்ச் சேர்ந்த முதல் நாள் விடிகாலை கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் இறங்கினோம். ஜூலை மாதம், கோடைக்காலம் என்றார்கள். முதலாளி இரண்டு சுவெட்டர் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, அதன்மேல் எங்கள் கம்பெனியின் தொப்பியை வைத்துக்கொண்டார். தங்கிய விடுதி ஒரு வீடுதான். அதை நடத்திய அம்மா காலையில் முட்டை, பன்றிக்கறி, வறுத்த தக்காளி, ரத்தம் சேர்த்துச் செய்த ஒரு கறுப்பு வில்லை எல்லாம் ஒரே தட்டில் கொண்டுவந்தார். முதலாளி சைவம். தக்காளியை மட்டும் எடுத்துத் தனித் தட்டில் வைத்து, பெட்டியிலிருந்து பருப்புப் பொடியை எடுத்துத் தூவினார். மீதியை நான் சாப்பிட்டேன். கறுப்பு வில்லை மோசமில்லை. எங்கள் ஊர் ரத்தப் பொரியலுக்குச் சின்ன வெங்காயம் போடாமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

பொடியை மோந்து பார்த்த அந்த அம்மா இது மருந்தா என்று கேட்டார். முதலாளி ஆமாம் என்றார். அன்று முதல் அவரை நோயாளி போலவே நடத்தினார்கள். வெந்நீர் கேட்காமலே வந்தது.

அன்று மாலையே திருப்பூரிலிருந்து செந்தில் போன் செய்தார். "மச்சான், என்னாச்சுங்க? நூலப் பத்தி ஏதாச்சும் பேசுனாங்களா?"

"அந்தப் பேச்சே இல்லீங்க மாப்ள. ஆட்டத்துலதான் கோளாறுன்னு அவங்களே பாதி ஒத்துக்கிட்டாங்க" என்றார் முதலாளி. நாங்கள் அங்கே போய் இன்னும் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் கோல்ஃப் மைதானத்துக்குப் புறப்பட்டோம். பார்வையாளர்களுக்காக இலவசப் பேருந்து விட்டிருந்தார்கள். நாங்கள் ஏறியது மைதானத்திலிருந்து திரும்பிவந்து கார் நிறுத்தும் வயலுக்குப் போகும் பேருந்து. அங்கே இறங்கினால் வயலில் கார்களும் இரண்டு பசுக்களும் இருந்தன. மறுபடி ஏறினோம். ஓட்டுநர் எங்களை வேறொரு வயலில் கொண்டுபோய் இறக்கினார். முதலாளிக்குக் கோபமே வரவில்லை. "காசு வாங்காம இத்தன தூரம் எவனுங்க கூட்டிட்டுப் போவான்?" என்று சன்னலோரம் உட்கார்ந்து ரசித்தார். கடைசியில் நடந்துதான் போனோம்.

கோல்ஃப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சட்டை. அகலம், உயரம், காலர் நீளம், பொத்தான் பட்டி, இவை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆட்டத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு சிறு பந்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் குழிக்குள் அடித்துப் போடவேண்டும். எத்தனை அடியில் போடுகிறார் என்பதுதான் கணக்கு. குறையக் குறைய நல்லது. இதை நான் உடனே புரிந்துகொண்டேன். எங்கள் பிரிவில் பழுது எண்ணுவதும் இப்படித்தான்.

மட்டைகள் ஒரு பை நிறைய. தூரத்துக்கு ஒன்று, மணலிலிருந்து தூக்க ஒன்று, குழிக்குப் பக்கத்தில் மெல்ல உருட்ட ஒன்று. ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் பொத்தானுக்குக் காஜா எடுக்க முடியாது அல்லவா, அதுபோல. பையைச் சுமப்பதற்குக் கேடி என்று ஒருவர் இருக்கிறார். சுமப்பவர்தான் எந்த மட்டையை எடுக்கவேண்டும் என்று யோசனையும் சொல்கிறார், ஆடுபவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். முதலாளி வெகுநேரம் அந்தக் கேடியைத்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்கரெட் எங்களை வரவேற்று ஆட்டக்காரரை அறிமுகம் செய்தார். பெயர் இயன். இளைஞர், இடக்கைக்காரர், வாட்டசாட்டமானவர், முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களில் கடைசி வரிசை. முதல் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பாதிப்பேரைக் கழித்துவிடுவார்களாம். இவர் அந்தப் பருவம் முழுக்க எல்லாப் போட்டியிலும் கழிக்கப்பட்டவர். தூரம் அடிப்பதில் குறை இல்லை. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கை உதறும், பந்து குழியைத் தாண்டி ஓடும். யாரும் கவனிக்காத ஆள் என்பதால்தான் சோதனைக்கு அவரைக் கொடுத்திருந்தார்கள்.

"இவர்கள் என் சட்டையைப் பார்க்கவா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள்?" என்று இயன் மார்கரெட்டிடம் கேட்டார்.

"உங்கள் சட்டையை மட்டும்தான்" என்றார் மார்கரெட்.

"நல்லது. ஆட்டத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லுங்கள்."

அன்று பயிற்சி ஆட்டம். புதுச் சட்டை, துவைக்காதது. தையல் நேராக இருந்தது. சற்று ஓய்வு கிடைத்தபோது ஓரமாக நின்றிருந்த பேட்டரி வண்டி ஒன்றில் முதலாளி உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தவர் காலை எங்கோ வைத்தார். வண்டி சத்தமே இல்லாமல் புறப்பட்டு, சரிவில் இறங்கி, ஒரு மணல்குழிக்குள் போய் நின்றது. அதிகாரிகள் ஓடிவந்தார்கள். கால்தடம் பதிந்தாலே அந்த மணலைச் சீப்புக் கட்டையால் சமன்செய்யவேண்டும் என்பது சட்டமாம். இங்கே சக்கரத் தடம். முதலாளி கட்டையை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டும் வழக்கத்தில் பேண்ட்டை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, பரம்படித்த வயல்போலக் குழி முழுவதையும் நிரவிக் கொடுத்தார். கோபமாக வந்த அதிகாரி அடுத்த குழியையும் காட்டினார்.

மாலை விடுதி அம்மாவின் மெஷினில் சட்டையைத் துவைத்தோம். மார்கரெட்டும் கூட நின்றார். உலர்த்தி மேசையில் விரித்து அளவு நாடாவை வைத்தேன். வலப்பக்கத் தையல் முன்பக்கம் மூன்று விரற்கடை வந்திருந்தது. வலக்கைக்காரர்களுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம்.

மார்கரெட் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"இது பயிற்சிதானுங்க. இன்னும் மேட்ச் ஆடவே இல்லையே! நாளைக்கு நல்லாத் திரும்பி ஆடட்டும், தையலு தானா எடத்துக்குப் போயிரும்" என்றார் அவர். மொழிபெயர்த்தேன். மார்கரெட் பொறுமைசாலி. "நாளை ஆட்டம் முடியும்வரை. அதற்கு மேல் இல்லை" என்றார். அவர் பையில் எங்கள் ஆர்டரை ரத்து செய்யும் தாள் தயாராக இருந்தது, பாதி வெளியே தெரிந்தது.

மூன்றாம் நாள் போட்டி தொடங்கியது. அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பந்தின் பின்னால் போனார்கள். மார்கரெட்டோடு நாங்கள் மூவர் மட்டும் ஒரு தையலின் பின்னால் போனோம். இயன் ஓங்கி அடித்ததும் கூட்டம் முழுவதும் வானத்தைப் பார்க்கும்; நாங்கள் அவர் இடுப்பைப் பார்ப்போம். பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, தானும் சற்றுநேரம் இயனின் இடுப்பைக் கவனித்தார். அதில் ஏதோ நுணுக்கம் இருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும்.

முதலாளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லாத் திருப்பு கண்ணு... இன்னுங் கொஞ்சம்... அப்பிடித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அமைதி என்று எழுதிய பலகையைப் பிடித்திருந்த ஆள் அதை எங்கள் பக்கம் திருப்பினார். முதலாளி குரலைத் தாழ்த்தினார். "சாமுவேலுங்க, பாருங்க, நகருதுங்களா?"

"இல்ல முதலாளி."

"கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்த்தேன். மழை தூறிச் சட்டை நனைந்ததில் தையல் முன்னுக்கு இன்னும் அரை விரல் வந்திருந்தது. சொல்லவில்லை.

இதற்கிடையில் செந்தில் போன் செய்தார். மணி அடித்தது இயன் மட்டையை ஓங்கிய கணத்தில். முதலாளி போனை இரண்டு சுவெட்டருக்கும் உள்ளே திணித்து, வயிற்றோடு அழுத்தி, குனிந்து உட்கார்ந்துவிட்டார். பலகைக்காரர் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் தையலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறொன்று நடப்பதைக் கவனிக்கவில்லை. கூட்டம் பெருகிக்கொண்டே வந்தது. எங்களைச் சுற்றி மூன்று பேர் இருந்த இடத்தில் முப்பது பேர். கைதட்டல். எழுதும் பத்திரிகைக்காரர்கள். குழிக்குப் பக்கத்தில் இயன் குனிகிறார், ஒரு கணம் தன் வயிற்றைப் பார்க்கிறார், பந்தை உருட்டுகிறார், அது குழிக்குள் விழுகிறது. அடுத்த குழியிலும் அப்படியே. கேடி பையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தபோது இயனின் பெயர் மதிப்பெண் பலகையில் மேலே, உலகம் அறிந்த ஆட்டக்காரர்களின் பெயர்களுக்கு நடுவில் இருந்தது. எங்களுக்கு அதனால் என்ன? கூடாரத்தின் பின்னால் மார்கரெட் அவரிடமிருந்து சட்டையை வாங்கிவந்து மேசையில் விரித்தார். நாடாவை வைத்தேன். நான்கு விரற்கடை. அதே பக்கம். முதலாளி அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து தொப்பியை எடுத்து, துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்.

"மன்னித்துவிடுங்கள். எனக்கு உங்கள் ஆட்களைத் தெரியும், வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் துணி திருகுகிறது" என்றார் மார்கரெட். தாளை வெளியே எடுத்தார். எனக்கு அந்த நேரத்தில் ரோஸ்மேரியிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்பதுதான் ஓடியது.

அப்போது இயன் வந்தார். மேலே சட்டை இல்லை. "என் சட்டை எங்கே? அதை யாரும் இஸ்திரி போட்டுவிடவில்லையே?"

நாங்கள் விழித்தோம். மேசையில் இருந்ததை அவர் பிடுங்காத குறையாக எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு குனிந்து நின்று காட்டினார். குழிக்குப் பக்கத்தில் வரும்போது பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, பந்து எந்தக் காலுக்கு நேராக இருக்கவேண்டும் என்பது அவருக்கு இத்தனை வருடமாகப் பிடிபடவே இல்லையாம். ஒரு நாள் ஒரு மாதிரி நிற்பாராம். இன்று குனிந்ததும் முன்னால் வந்த தையல் கொத்தனாரின் தூக்குக்குண்டுக் கயிறுபோலத் தொங்கியது. அதன் நுனி பந்தின்மேல் விழும்படி நின்றார். கை உதறவில்லை.

"எல்லாப் பயிற்சியாளர்களும் ஒன்றைத்தான் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நில் என்று. எப்படி என்று சொன்னது இந்தச் சட்டைதான்" என்றார். "இன்னும் எத்தனை இருக்கிறது?"

மார்கரெட் தாளைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

மறுநாளும் இயன் நன்றாக ஆடினார். அந்தப் பருவத்தில் முதல்முறையாகக் கழிக்கப்படாமல் மிஞ்சினார். கோப்பையை வேறொருவர் வாங்கினார் என்றாலும், செய்தியாளர்கள் இயனிடம்தான் தையலைப் பற்றிக் கேட்டார்கள். போட்டி முடிந்த மறுநாள் காலை மார்கரெட் விடுதிக்கு வந்தார். பருப்புப் பொடி தூவிய தக்காளியை முதலாளி அவருக்கும் ஒரு தட்டில் வைத்தார். ஆர்டர் உண்டு என்றார் மார்கரெட். இடக்கைக்காரர்களுக்கு இதே பக்கம் திருகவேண்டும், நான்கு விரற்கடை. வலக்கைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம். தையலை முன்னால் வைத்துத் தைத்துக் கொடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன். கூடாது, அப்படித் தைத்தால் நேராகத்தான் நிற்குமாம், இந்தச் சாய்வு வராதாம். துவைக்கும்போது தானாகத் திருகினால்தான் வருமாம். நேராக இருக்கும் சட்டையை ஏற்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தார்.

முதலாளி விடுதி அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மார்கரெட்டின் கையைக் குலுக்க மறந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் நேராக யூனிட்டுக்குப் போய் ரோஸ்மேரியிடம் ஆர்டர் வந்துவிட்டது என்றேன். "சாக்லேட்டு எங்க சார்?" என்றார். பிறகு அன்று வந்திருந்த புதுத் துணியில் சட்டை தைக்கச் சொல்லித் துவைத்துப் பார்த்தேன். தையல் அசையவில்லை. இன்னொன்று. அதுவும் நேராக நின்றது. என் பணிக்காலத்தில் அவ்வளவு நல்ல துணியை நான் பார்த்ததில்லை.

நூல் பையில் மில்லின் முத்திரை செந்திலுடையதுதான்.

மில் உடுமலைக்குத் தெற்கே, அமராவதி நகர் போகும் வழியில். மறுநாள் முதலாளியும் நானும் போனோம். செந்தில் வாசலுக்கு வரவில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். ஆட்டத்துலதான் கோளாறுன்னீங்க. நூலு திருகுதுன்னு நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதுங்களா? அக்கா போன்ல சொல்லிருச்சு. நீங்க ஏர்போர்ட்டுக்குப் போற அன்னிக்கே மெசின் பூராம் முறுக்கக் கொறைச்சுட்டேன். இப்ப என்ர நூலுல ஒரு கொறை சொல்லுங்க பாப்பம்."

"கொறை ஒண்ணும் இல்லீங்க மாப்ள" என்றார் முதலாளி. நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். "அதான் பிரச்சன."

விஷயத்தைச் சொல்லச் சொல்ல செந்திலின் முகம் சிவந்தது. "அப்ப பழைய நூலு வேணுமுங்கறீங்க."

"ஆமாங்க. அதோட, அதே அளவுக்கு எதிர்ப்பக்கமா முறுக்குன நூலும் வேணுமுங்க."

"பழைய நூலு எப்பிடி இருந்துச்சுன்னு வாயத் தெறந்து சொல்லுங்க மச்சான். சொன்னா நூத்துத் தாரேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷின்களைப் பார்த்தார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக அவர் ஏழு கடல் தாண்டிப்போய் வேறொரு நாட்டின் மணல்குழிகளை நிரவிவிட்டு வந்தவர்.

"கெட்ட நூலுதானுங்க மாப்ள" என்றார் கடைசியில். "அந்த மாதிரி கெட்ட நூலு உலகத்துல வேற எங்கீமே கெடைக்காதுங்க. நானும் தேடிப் பாத்துட்டேன்."

செந்தில் எழுந்து வந்து முதலாளி முதுகில் கைவைத்து, உள்பக்கம் திரும்பி, "மச்சானுக்கும் சாமுவேல் சாருக்கும் காப்பி கொண்டாங்க" என்று குரல்கொடுத்தார். "எந்த அளவுக்குக் கெட்டதா வேணுமுங்க?"

"அத சாமுவேலுதான் அளந்து சொல்லோணுமுங்க" என்றார் முதலாளி.

நான் நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினேன்.